காப்புரிமைப் படிவம் 27-ஐ வெறும் குறியிடும் பெட்டியாக்கியது யாருக்காக?

மதிப்பிற்குரிய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காப்புரிமை கண்டுபிடிப்பாளரைக் காக்கிறதா, வாங்குபவர் தலையில் விலையை ஏற்றுகிறதா என்ற வாதம் எழுந்தால் இரு தரப்பும் ஆவேசமாகப் பேசுகின்றன. கணக்குதான் யாரிடமும் இருப்பதில்லை. அந்தக் கணக்குக்கு இடம் தந்த படிவம் 27-ஐ 2024 மார்ச்சில் வந்த காப்புரிமை விதித் திருத்தம் ஏறக்குறைய வெற்றுத்தாளாக்கிவிட்டது.

காப்புரிமையால் 20 ஆண்டு ஏகபோகம் பெறுகிறவர், தம் கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்ததா என்று தெரிவிக்க வேண்டும். அதற்காகவே படிவம் 27. எவ்வளவு தயாரித்தீர்கள், எவ்வளவு இறக்குமதி செய்தீர்கள், மதிப்பு என்ன என்று ஆண்டுதோறும் அது கேட்டது. 2020-இல் எண்ணிக்கை போய், தோராய வருவாய் மட்டும் மிஞ்சியது. இப்போது அதுவும் இல்லை. மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை 'உண்டு', 'இல்லை' என்று குறியிட்டால் கடமை முடிந்தது.

இந்தத் தாளால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் 2012-ஐத் திரும்பிப் பார்க்கட்டும். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு 2.80 லட்ச ரூபாய்க்கு விற்றது. 2008-இல் இறக்குமதியே இல்லை, அடுத்த ஆண்டு சொற்பம் என்பதற்கு அந்நிறுவனமே தாக்கல் செய்த படிவம் 27 சான்றாக நின்றது. இந்திய மருந்து நிறுவனமான நாட்கோவுக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை உடையவரின் சம்மதம் இல்லாமலே அதே மருந்தைத் தயாரிக்கும் அனுமதி, கிடைத்தது. விலை ஒன்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய படிவத்தில் பேயர் 'பயன்பாட்டில் உள்ளது' என்று குறியிட்டிருந்தால் போதும். சொற்பமா ஏராளமா என்பது தெரிந்தே இருக்காது.

ஒரு கைபேசிக்குள் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வருவாயைப் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள் காப்புரிமை வைத்திருப்பவர்கள். தொடர்புள்ள காப்புரிமைகளுக்கு ஒரே படிவம் போதும் என்று 2020 திருத்தமே இதற்கு வழிசெய்துவிட்டதே! பணம் வாங்கும்போது இந்தச் சிரமம் தெரிவதில்லை என்பதையும் கவனியுங்கள். 2013-இல் அலைபேசித் தொடர்புக் காப்புரிமைகள் வைத்திருக்கும் எரிக்சன், கைபேசி விற்கும் மைக்ரோமேக்ஸ் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், இடைக்கால ராயல்டி (காப்புரிமையைப் பயன்படுத்தத் தரும் கட்டணம்) கைபேசியின் விற்பனை விலையில் இத்தனை விழுக்காடு என்றே விதிக்கப்பட்டது. கேமராவை மேம்படுத்தி விலையைக் கூட்டினால், அலைபேசித் தொடர்புக் காப்புரிமைக்கான தொகையும் சேர்ந்து கூடும். எத்தனை கைபேசி, என்ன விலை, எவ்வளவு வரவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கிறவர்களுக்கு, அதே தொகையை அரசிடம் தெரிவிப்பது மட்டும் எப்படிப் பாரமாகும்?

ஆராய்ச்சியில் பணம் கொட்டியவர் அதைத் திரும்ப எடுக்கட்டும். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. படிவத்தில் பொய்த் தகவல் தருவதற்கான சிறைத் தண்டனையை, பல சட்டங்களில் தண்டனைகளைத் தளர்த்திய 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கியதையும் குறை சொல்லவில்லை. ஆனால் தண்டனையும் குறைந்து, கேள்வியும் குறைந்தால் கட்டாய உரிமம் கோருபவர் எதைக் காட்டி வாதாடுவார்?

ஆகவே, படிவம் 27-ஐ மீண்டும் ஆண்டுதோறும் கேளுங்கள். தயாரிப்பு, இறக்குமதி அளவையும் மதிப்பையும் அதில் திரும்பச் சேருங்கள். ராயல்டி வசூலிப்பவர்களுக்கு, இந்தியாவிலிருந்து பெற்ற தொகைக்கென ஒரு வரியைப் புதிதாகக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்துப் பொருள் வாங்கும் ஒருவன்