ஓ.எஸ்.டி ஆர்டர்ல காரணத்தை எழுதுங்க: பாகிஸ்தான் ஆட்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாகிஸ்தான்ல, மத்தியிலயும் மாகாணத்துலயும், அதிகாரிகளோட போஸ்டிங் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்ல கையெழுத்து போடுறவங்களுக்கு,

வணக்கம். நான் ஷார்ஜால வேலை பாக்குற தமிழன். என் ரூம்ல கூட இருக்குறவர் லாகூர்க்காரர், அவரோட அண்ணன் உங்க சிவில் சர்வீஸ்ல கிரேட் 20-ங்கிற உயர்நிலைல இருக்குற அதிகாரி. எந்த மாகாணம் எந்த துறைன்னு சொல்லல, சொன்னா அவருக்குத்தான் இன்னும் கஷ்டம். அவரை ஓ.எஸ்.டி, அதாவது பேருக்கு 'சிறப்புப் பணி அதிகாரி' ஆக்கி உக்கார வச்சிருக்காங்க. போன வாரம் ப்ரமோஷன் லிஸ்ட்லயும் அவர் பேர் இல்லன்னு ஊர்ல இருந்து போன் வந்துச்சு, அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல.

ஓ.எஸ்.டின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். சம்பளம் வந்துடும், ஆனா சீட் கிடையாது, ஃபைல் கிடையாது. அந்த ஆர்டரோட போட்டோவ ரூம்மேட் காட்டினார், மொத்தமே ரெண்டு வரி, உடனடியா அமலுக்கு வருது, மறு உத்தரவு வரைக்கும்னு இருக்கு, ஏன்னு ஒரு வார்த்தை இல்ல. சிவில் சர்வீஸ்ல சேர்றதுக்கான சிஎஸ்எஸ் பரீட்சை எழுதி, லாகூர் அகாடமில ட்ரெயினிங் முடிச்சு, கிரேட் 17-ல அசிஸ்டன்ட் கமிஷனரா ஆரம்பிச்சு, வெள்ளம் வந்தப்போ விடிய விடிய கரையில நின்னு ஜனங்கள ஏத்திவிட்டு, இருபது வருஷத்துக்கு மேல உழைச்ச மனுஷனுக்கு ரெண்டு வரிதானா? இப்பவும் காலைல குளிச்சு இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு ஹால்ல வந்து உக்காந்துடுறாராம். அம்மா கேட்டா இன்னைக்கு மீட்டிங் லேட்டுன்னு சொல்றாராம், அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாது. இதுல இன்னொரு கொடுமை, சீட்டே இல்லாதவருக்கு வருஷாந்திர ரிப்போர்ட் யார் எழுதுவா? ரிப்போர்ட் இல்லன்னா ப்ரமோஷன் போர்டுல எதை வச்சு பாப்பாங்க? தப்பு பண்ணிருந்தா விசாரணை வைங்க, நோட்டீஸ் குடுங்க, அவர் பதில் சொல்லட்டும். விசாரணையும் இல்லாம வேலையும் இல்லாம வைக்கிறது எந்த சட்டத்துல இருக்கு?

நான் புதுசா எதுவும் கேக்கல. அனிதா துராப் வழக்குல உங்க சுப்ரீம் கோர்ட்டு 2012-லயே சொல்லிடுச்சு. தக்க காரணம் இல்லாம ஓ.எஸ்.டி ஆக்கக்கூடாது, அந்தக் காரணத்தை எழுத்துல பதியணும், அதுவும் முடிஞ்ச அளவு குறைஞ்ச காலத்துக்குத்தான். வழக்கு போட்டதே ஒரு பெண் அதிகாரி, தன் சர்வீஸுக்காக தைரியமா கோர்ட்டுக்குப் போனவங்க. அவங்க வாங்கித் தந்த தீர்ப்ப மதிச்சு ஆர்டர்ல காரணத்தை எழுதுங்க, எத்தனை நாளைக்குன்னும் எழுதுங்க.

உங்க நாட்டு வரலாறே இந்த விஷயத்துல மனச கஷ்டப்படுத்துது. 1969-ல ராணுவ ஆட்சியாளர் யஹ்யா கான் ஒரே அடியா 303 அதிகாரிகள வெளிய அனுப்பினார், அடுத்து ஆட்சிக்கு வந்த சுல்பிகர் அலி புட்டோ காலத்துல ஆயிரத்துக்கும் மேல போனாங்க, 1956, 1962 அரசியலமைப்புகள்ல இருந்த பணிப் பாதுகாப்பு 1973-ல வந்ததுல இல்லாமலே போச்சு. பிரதமரோட முதன்மைச் செயலாளரா இருந்த ஃபவாத் ஹசன் ஃபவாத 2018 ஜூலைல கைது பண்ணாங்க, ஜாமீன் கிடைக்க 2020 ஜனவரி ஆச்சு, வருமானத்துக்கு மிஞ்சின சொத்து வழக்குல நிரபராதின்னு விடுதலை ஆனது 2023-ல, அதே வருஷம் காபந்து அரசுல அவரே அமைச்சர். உள்ள இருந்த ஒன்றரை வருஷத்த யார் திருப்பிக் குடுப்பா? இதையெல்லாம் பாத்த ஜூனியர் அதிகாரி எந்த நம்பிக்கையில ஒரு ஃபைல்ல துணிஞ்சு கையெழுத்து போடுவார்? அவர் போடாத கையெழுத்தால ரோடு வராம, ஆஸ்பத்திரிக்கு மருந்து வராம தவிக்கிறது ஜனங்கதானே.

சரி, கைது பண்றது உங்க கையில இல்ல, அதுக்கு வேற அமைப்பு இருக்கு. உங்க கையில இருக்குறத மட்டும் கேக்குறேன். கோபத்துல வார்த்தை கூடியிருந்தா மன்னிச்சுக்கோங்க. இப்ப ஓ.எஸ்.டியா இருக்குற ஒவ்வொருத்தருக்கும் காரணத்தை எழுத்துல குடுங்க, காரணம் இல்லன்னா போஸ்டிங் குடுங்க. சும்மா உக்கார வச்ச மாசங்கள அடுத்த ப்ரமோஷன் போர்டுல அவங்களுக்கு எதிரா எடுத்துக்காதீங்க. தயவு செஞ்சு அடுத்த போர்டு கூடுறதுக்கு முன்னாடியே பண்ணுங்க.

இப்படிக்கு,
ஷார்ஜால இருந்து ஒரு தமிழன்