பரணில் கிடைத்த 2004

கும்பகோணம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். பாப்பாவை ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருப்பதாக நீ போனில் சொன்னாய். மறுநாளே பரணைச் சுத்தம் செய்யும்போது என் 2004-ஆம் ஆண்டு டைரி கையில் கிடைத்தது. போனில் பேசித் தீருகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பாதிப் பக்கங்களில் பால் கணக்கும் சீட்டுப் பணமும்தான். மார்ச் 29-இல் மட்டும் ‘சேவாக் 309’ என்று உன் கோணல் எழுத்து. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தவன், முல்தானில் அவர் சக்லைன் பந்தைச் சிக்சருக்குத் தூக்கி முந்நூறைத் தொட்டதும் கட்டிலிலிருந்து குதித்தாய். டெஸ்ட்டில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் முச்சதம். ஏப்ரல் 17-இல், தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிய நடிகை சௌந்தர்யா பெங்களூரு அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். அன்று பக்கத்து வீட்டு அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லை. மே மாதம் வாஜ்பாய் ஆட்சி போய் மன்மோகன் சிங் பிரதமரானார். தமிழ்நாட்டில் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணியே வென்றது.

ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ‘பால் ஒன்றரை, கீரை மூன்று ரூபாய்’ என்று காலையில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஆறு நாட்களுக்குப் பால் கணக்குகூட இல்லை.

காசிராமன் தெருவில் ஒரு பள்ளி தீப்பிடித்துவிட்டது என்ற செய்தி முற்பகலில் என் பள்ளிக்கு வந்தது. உன் பள்ளி வேறு தெரு என்று தெரிந்தும் கால் நிற்கவில்லை. டவுன் பஸ் பிடித்து உன் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றேன். பென்சில் சீவிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்து, “என்னம்மா?” என்றாய். என் பிள்ளை இருக்கிறான் என்று அந்த நொடியில் மனம் குளிர்ந்தது. அதே நேரத்தில் அந்தத் தெருவில் எத்தனை தாய்மார்கள் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று குளிர்ந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

94 குழந்தைகள். சத்துணவு சமைத்த இடத்தில் கூரை பற்றி, மாடி வகுப்புகளின் கீற்றுக்குத் தீ தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள்; இறங்குவதற்கோ குறுகலான படி. எரிந்த கூரை பிள்ளைகள்மேலேயே விழுந்தது. வழக்கில் தீர்ப்பு வந்தது 2014-இல், பத்து ஆண்டுகள் கழித்து.

தம்பி, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. நானும் கீற்றுக் கொட்டகையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள். கான்கிரீட்டைவிடக் குளுமை என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொன்னவள். தலைக்குமேல் இருந்த காய்ந்த ஓலையை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தத் தீக்குப் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். எங்கள் பள்ளியிலும் பிரித்தார்கள். வேலை முடியும்வரை வேப்பமரத்தடியில் வகுப்பு. என் கண் மட்டும் பாடப்புத்தகத்தில் பதியவில்லை.

டிசம்பர் 11-இல் எம்.எஸ். அம்மா போனார், 88 வயதில். மறுநாள் விடியற்காலையில் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சுப்ரபாதம் கேட்டது. அவர் போன பின்னும் அவரே நம்மை எழுப்புகிறார் என்று பாட்டி அழுதது உனக்கு நினைவிருக்கலாம்.

26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, காலை ஒன்பது மணி சுமாருக்கு நாகப்பட்டினத்தில் அலை ஏறியது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்தவர்களும் அதில் உண்டு. நாங்கள் ஆசிரியர்கள் சிலர் வேனில் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கரைப்பேட்டைப் பாலத்தருகே விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சாலை ஓரமெல்லாம் வெளியூர்களிலிருந்து வந்த பழைய துணிகள் குவியல் குவியலாகச் சேற்றில் நனைந்து கிடந்தன, எடுக்க ஆளில்லை. ஒரு மீனவப் பெண் என்னிடம் கேட்டது ஒரு சீப்பு மட்டும்தான். என் கைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். கும்பகோணம் தீயின்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணனையே நாகப்பட்டினத்துக்கும் அனுப்பினார்கள். ஒரே மனிதர் ஓராண்டுக்குள் எத்தனை பெற்றோரின் முகத்தைப் பார்த்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமையில் அடக்கம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட வழக்கு அது. ஹைதராபாத் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். கேட்பதற்கு நீ தயங்க வேண்டாம்.

ஃபீஸ் எவ்வளவு, இங்கிலீஷ் எப்படி என்பதையெல்லாம் மருமகள் விசாரித்துக்கொள்வாள். நீ நேரில் போய், பாப்பாவின் வகுப்பு எந்த மாடி, படி எத்தனை, அதன் அகலம் என்ன, இரண்டாவது வழி உண்டா, அதைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, சமையல் எங்கே நடக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது. படியில் நீயே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்.

டைரியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை. சேவாக் பக்கத்தைப் பாப்பாவிடம் காட்ட வேண்டும் என்று சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா