எங்கள் பத்து வருடத்தையும் கணக்கில் சேருங்கள்

வெளிநாடுகளிலிருந்து நர்ஸ்களை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு,

வணக்கம். நான் நாடு விட்டு வந்து நர்ஸாக வேலை பார்க்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சொந்த நாட்டில் பத்து வருடம், அதில் ஏழு வருடம் பச்சிளம் குழந்தைகளின் ஐசியூவில். அந்தப் பத்து வருடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் சம்பளக் கணக்கில் அது எங்குமே இல்லை.

ஆள் தேவை என்று விளம்பரம் போடும்போது இத்தனை வருட அனுபவம் கட்டாயம் என்று நீங்களேதான் கேட்கிறீர்கள். நேர்காணலிலும் அதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறீர்கள்: எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் பார்த்திருக்கிறாயா, ஒரு ஷிப்டுக்கு எத்தனை நோயாளி. சரி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் நியமனக் கடிதம் வருகிறது, அதில் நேற்று படிப்பு முடித்தவருக்கு என்ன பதவி நிலையோ அதே நிலை, அதே அடிப்படைச் சம்பளம். கேட்டால், இந்த நாட்டில் நர்ஸாகப் பதிவான தேதியிலிருந்துதான் அனுபவம் கணக்கு என்கிறார்கள்.

அந்தப் பதிவு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓஇடி அல்லது ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், படித்த கல்லூரியும் சொந்த நாட்டில் பதிவு செய்த நர்சிங் கவுன்சிலும் நேரடியாகச் சான்று அனுப்ப வேண்டும், பிறகு நாட்டைப் பொறுத்து என்சிலெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்விலோ ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்விலோ தேற வேண்டும். ஆங்கிலத் தேர்வு முடிவு பெரும்பாலும் 2 வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் ஒரு சான்றிதழ் எங்கோ ஒரு மேஜையில் மாதக்கணக்கில் கிடந்தால் தேறிய தேர்வையே மறுபடி எழுத வேண்டி வருகிறது. நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து கண் எரிய எரியப் படித்தவர்கள் நாங்கள். இத்தனையும் தாண்டி வந்தவரிடம் உங்கள் அனுபவம் பூஜ்யம் என்று சொல்வதற்கு எப்படி மனசு வருகிறது?

ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். நான் வந்து சேர்ந்த மருத்துவமனையில் என்னை முதியோர் வார்டில் போட்டார்கள். குழந்தைகள் ஐசியூவில் ஆள் பற்றாக்குறை அங்கேயும் இருந்தது, ஆனாலும் முதியோர் வார்டு. வந்து மூன்றாவது மாதம் ஒரு பெரியவருக்கு கேனுலா, அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போட வேண்டியிருந்தது, நீர் வற்றிப்போய் நரம்பே தெரியவில்லை. கூட இருந்த நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும், நல்ல பெண், இரண்டு முறை குத்திப் பார்த்தும் கிடைக்கவில்லை. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடியே இருந்தார். நான் பக்கத்தில் பிளாஸ்திரியைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கிலோகூட இல்லாத குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் காட்டி, நூல் மாதிரி தெரியும் நரம்பில் 24 கேஜ் என்கிற மிக மெல்லிய கேனுலா போட்ட கை இது. ஆனால் இந்த மருத்துவமனையின் பயிற்சியை முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை அதைத் தொடக்கூடாது.

அந்த விதியைத் தப்பென்று நான் சொல்லவே இல்லை. நோயாளியின் பாதுகாப்புக்காக யாரையும் சோதித்துப் பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும். ஊருக்கு ஊர் கருவி வேறு, முறை வேறு, மருந்தின் பெயரே வேறு: ஓரிடத்தில் பாராசிட்டமால் என்பது இன்னோர் இடத்தில் அசிட்டமினோஃபென், அட்ரினலின் என்பது எபிநெஃப்ரின். சொல்லிக்கொடுங்கள், கற்றுக்கொள்கிறோம். ஆனால் அரைநாள் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் எத்தனை பேர் தேவையில்லாமல் இரண்டாவது, மூன்றாவது குத்து வாங்கினார்களோ.

2010 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, நாடுகள் பின்பற்றுவதற்கான ஒரு நடைமுறைக் கோவையை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளரை வேலைக்கு எடுப்பதும், பதவி உயர்த்துவதும், சம்பளம் கொடுப்பதும் தகுதி, அனுபவ வருடங்கள், பொறுப்பு இவற்றை வைத்து, உள்நாட்டில் படித்தவர்களுக்குச் சமமாக நடக்க வேண்டும் என்கிறது அது. கட்டாயச் சட்டம் இல்லை, தெரியும். ஆனால் அனுபவ வருடங்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், அது எந்த நாட்டு வருடம் என்று பிரிக்கவில்லை. உலகில் ஏழு நர்ஸ்களில் ஒருவர் தான் பிறக்காத நாட்டில் வேலை பார்ப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. பணக்கார நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். அத்தனை பேரின் பழைய வருடங்களையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஒப்பந்தம். இரண்டு மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் விசா, டிக்கெட், தேர்வு, பயிற்சி எல்லாச் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்து. 1997-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-வது உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, ஏஜென்சிகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. வரும்போது வாங்காத பணத்தைப் போகும்போது கேட்டால் அது என்ன கணக்கு? என்னோடு வந்த ஒருத்தி, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப நினைத்தாள். ஹெச்ஆரில் ஒரு தொகையைக் காட்டினார்கள். போகவில்லை. அதற்குப் பிறகு லாக்கர் அறையில் யூனிஃபார்ம் மாற்றக் கதவைச் சாத்தினால் பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வருவாள், நாங்கள் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

இருப்பவர்கள் மனசார இருக்க வேண்டும் என்றால் முதலில் அனுபவத்துக்கு ஏற்ற பதவி நிலையைச் சரியாகக் கொடுங்கள். பழைய மருத்துவமனையின் அனுபவச் சான்றிதழ் ஏற்கெனவே உங்கள் கோப்பில்தான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எடுத்தீர்கள். வந்த முதல் மாதத்திலேயே திறன் சோதனைக்குத் தேதி கொடுங்கள். திருப்பிக் கட்டும் ஷரத்தை எடுத்துவிடுங்கள், உடனே முடியாது என்றால் மாதாமாதம் குறைகிற மாதிரியாவது எழுதுங்கள், குடும்பத்தில் நோய், மரணம் என்றால் கேட்கவே கேட்காதீர்கள்.

அடுத்த மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்கு டயாலிசிஸில் எட்டு வருட அனுபவமாம். அவர்களுடைய நியமனக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இன்று இரவு டியூட்டியில் இருக்கும் ஒரு நர்ஸ்