ஏரியில் கிடைத்த பழங்காலத் தாடையையும் பற்களையும் கழுவாமல் காப்பாற்றக் கோரி மனு

அனுப்புநர்: பல் மருத்துவர், குடியாத்தம் வட்டம்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், வேலூர்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஏரியில் வண்டல் மண் அள்ளும்போது ஜேசிபி இடித்து, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை (பழங்காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த மண்பெட்டி) ஒன்று உடைந்துவிட்டது. உள்ளே இருந்த எலும்புகளை யூரியா சாக்கில் அள்ளிப்போட்டு ஒரு திண்ணையில் வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கீழ்த்தாடை ஒன்று பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கிறது, கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்து எனாமலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பகுதி தெரிகிறது, ஓரத்தில் பல் காரை, அதாவது பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு, கெட்டியாக ஒட்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் ஒருவர் அதைக் குழாயடிக்குக் கழுவ எடுத்துப்போனார், கெஞ்சித் தடுத்தேன்.

கழுவித் தேய்த்தால் காரை போய்விடும். அந்தக் காரைக்குள்தான் புதைக்கப்பட்டவர் சாப்பிட்ட தானியத்தின் மாவுத் துகள்கள் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த பையம்பள்ளியில் 1960-களில் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அப்படிப்பட்டதை மென்ற வாய் எப்படி இருந்தது என்பதைப் பல்தான் சொல்லும். சின்ன வயதில் பட்டினியோ கடும் நோயோ வந்திருந்தால் எனாமலில் குறுக்குக் கோடாகப் பதிந்திருக்கும்.

அப்புறம் தாடை மூட்டு. காதுக்கு முன்னால், மண்டையோட்டுக் குழியில் கீழ்த்தாடையின் குமிழ் வந்து உட்காரும் இடம் அது. நடுவில் இருந்த மெத்தை மண்ணில் மக்கிவிடும், எலும்புதான் சாட்சி. குமிழ் தட்டையாகி, குழி குழியாக அரித்து, பளபளவென்று மெருகேறியிருந்தால் மூட்டு கெட்டுப்போனதன் அடையாளம். ஒரே பக்கம் மென்றாரா என்று பார்க்க இரண்டு பக்கமும் வேண்டும், பற்களின் தேய்மானத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் குமிழின் உள்ளே பஞ்சுபோல இருக்கும், மேல் ஓடு மெல்லியது, சாக்கில் உருண்டால் முதலில் உடைவது அதுதான். அது எனக்குத் தாங்கவில்லை.

எனவே அந்த இடத்தில் மண் அள்ளுவதை உடனே நிறுத்தி, மாநிலத் தொல்லியல் துறையினரை வரவழைக்க வேண்டுகிறேன். அவர்கள் வரும்வரை எலும்பைக் கழுவவோ, பசை போட்டு ஒட்டவோ, காட்சிக்கு வைக்கவோ யாரையும் விடக் கூடாது. தாடை, மண்டையோடு, உதிர்ந்த பற்கள் எல்லாம் மண்ணோடு தனித்தனியாகப் பொதிந்து, எடுத்த இடத்தைக் குறித்து, மனித எலும்பை ஆராயத் தெரிந்தவர்களிடம் போக வேண்டும். திரும்பப் புதைக்கச் சொல்லும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் கேட்டு முடிவெடுங்கள், அது நியாயமான பேச்சு. பொதிந்து வைக்கும் வேலைக்கு நான் கூலி வாங்காமல் வருகிறேன். திண்ணையில் சாரல் அடிக்கிறது, இந்த வாரமே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர், குடியாத்தம் வட்டம்