செயலாளரின் ஆண்டறிக்கை: கரையோர முட்தோலிகள் கணக்கெடுப்பு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழுவும் செயற்குழுவும் விதிப்படி கூடின. மாணவர் கண்காட்சி நடந்தது.

பாறைக்கரை, கடற்புல் திட்டு, மணல் தளம் மூன்றிலும் முட்தோலிகளை (நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை போன்ற கடல் உயிர்களை) எண்ணியதே ஆண்டின் முக்கிய வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நேரத்தில், கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் கயிறு கட்டி, 5 மீட்டருக்கு ஒன்றாக ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து, அதற்குள் இருப்பவற்றை எண்ணினோம். இந்த முறையை வற்புறுத்தியவன் நான்தான். சிலருக்கு அதில் கசப்பு. ஆனால் கண்ணில் படுவதை மட்டும் எண்ணினால் நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் பட்டியலில் ஏறும். நட்சத்திர மீனுக்கு உறவான, மெல்லிய கைகள் கொண்ட நொறுங்கு நட்சத்திரங்கள் பகலில் கல்லுக்கு அடியில் கிடக்கும்; தட்டையான முள்ளெலிகளான மணல் டாலர்கள் புதைந்திருக்கும். கல்லைப் புரட்ட வேண்டும், மணலைச் சலிக்க வேண்டும். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைக்காவிட்டால் அடியில் ஒட்டியவை வெயிலில் சாகும்.

வருத்தம் ஒன்று உண்டு. எதுவும் கிடைக்காத சட்டத்துக்கு 0 என்று எழுதாமல் பலர் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். தேடியும் இல்லையா, தேடவே இல்லையா? முட்தோலிகள் ஓரிடத்தில் கும்பலாக இருக்கும், நாலு அடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. பூஜ்ஜியங்களை விட்டால் சராசரி ஊதிவிடும். முகத்துவாரத்தை ஒட்டி எதுவும் கிடைக்காததும் ஒரு தகவல்தான்: உடல் நீரின் உப்பைச் சமன்செய்ய இவற்றால் இயலாது, நன்னீர் கலக்கும் இடத்தில் பெரும்பாலானவை தாங்காது. வெற்றுத் தாள்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோபித்தவர்கள் பொறுத்தருள்க.

கடல் அட்டையை நிறம் பார்த்துப் பெயரிட வேண்டாம். சிறு தோல் துணுக்கை ப்ளீச்சில் கரைத்து, தங்கும் சுண்ணாம்புத் துகள்களை நீரில் அலசி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேசை, பொத்தான் வடிவங்களே இனத்தைச் சொல்லும். பாதுகாக்க ஃபார்மலினில் போட்டால் அதிலுள்ள அமிலம் அவற்றை அரித்துவிடும், 70 சதவீத ஆல்கஹாலே சரி. நொறுங்கு நட்சத்திரத்தை நேராக ஆல்கஹாலில் போட்டால் கைகளை உதிர்க்கும். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் முதலில் மயக்கவும்.

பல கடல் அட்டைகளும் நீண்ட முட்கள் கொண்ட டயடெமா முள்ளெலியும் இரவில்தான் வெளியே வரும். இரவுக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. தனியாக நீரில் இறங்க விதி இடம் தராததால் கைவிட நேர்ந்தது. பகல் எண்ணிக்கையை வைத்து 'அட்டை குறைந்துவிட்டது' என்று பேசுவோர் இதைக் கவனிக்கவும்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகிவிட்டன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை ஒரு சிலருடையது அல்ல. படகும் விளக்கும் தந்தவர்களுக்கும் தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரவு வேலையைத் தொடங்க நீர்புகா விளக்குகளும், வருவதாகச் சொன்னால் வருகிற சிலரும் போதும். இரண்டும் கிடைக்காவிட்டால் இப்பொறுப்பை வேறு ஒருவர் ஏற்பது நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்