குறுக்கு அல்ல, சிலுவை

கடற்கரைப் பலகைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

இரண்டாம் உலகப் போரில் எங்கள் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பற்றி மட்டக்களப்பு முகத்துவாரம் பக்கம் நீங்கள் நட்ட மும்மொழிப் பலகையின் தமிழ்ப் பகுதி தொடர்பாக இது என்னுடைய மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உங்கள் கோவையில் இருக்கும், ஆகவே பழைய கதையை மறுபடி அளக்கவில்லை. இந்தத் தடவை பகிரங்கமாக எழுத வைத்தது, போன கிழமை நடந்த கோட்டமட்டப் பேச்சுப்போட்டி.

என்னிடம் தரம் 10 இல் படிக்கும் பிள்ளை ஒன்று. தகப்பனுக்குக் கல்லடியில் கடற்றொழில். கப்பல் கிடக்கிற இடத்தில் பாரை நன்றாகப் படும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள், அந்தக் கப்பலின் கப்டனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றாள். தமிழில் வாசிக்க வேறொன்றும் அகப்படவில்லை. நல்ல வெயிலில், குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உங்கள் பலகையை எழுத்து விடாமல் கொப்பியில் பார்த்தெழுதி வந்தாள். நான் ஒருக்கால் சரிபார்த்திருக்க வேண்டும். அரசாங்கப் பலகைதானே என்று விட்டுவிட்டேன், அது என் பிழை.

மேடையில் அவள் சொன்னாள்: கப்டன் ஒன்ஸ்லோ 'புகழ்பெற்ற சேவைக் குறுக்கு' பெற்றவர். ஹெர்மிஸுடன் 'ஓர் இரத்தக்காட்டேரியும்' மூழ்கியது. மண்டபம் சிரித்தது. நடுவர்களும் சிரித்தார்கள். இறங்கி வந்து, "பலகையில அப்பிடித்தானே சேர் இருக்கு?" என்று கொப்பியை நீட்டினாள். அப்படித்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'வம்பயர்' என்றால் இரத்தக்காட்டேரிதான், ஆனால் இங்கே அது ஹெர்மிஸுடன் மூழ்கிய அவுஸ்திரேலியக் கடற்படை நாசகாரிக் கப்பலின் பெயர். பெயரையுமா மொழிபெயர்ப்பார்கள்? ஆங்கிலத்தில் 'கிராஸ்' என்றிருந்ததை நீங்கள் 'குறுக்கு' ஆக்கினீர்கள், அது வெள்ளியில் செய்த சிலுவைப் பதக்கம். கடுநீலம், வெள்ளை, கடுநீலம் என்று மூன்று பட்டை நாடாவில் தொங்கும். கடலில் எதிரிக்கு முன்னால் காட்டிய துணிவுக்குக் கொடுப்பது. எங்கள் அம்மம்மாமார் கோபம் வந்தால் "குறுக்கால போவான்" என்பார்களே, மொழிபெயர்த்தவர் அதை நினைத்தாரோ என்னவோ.

ஒன்ஸ்லோ 1940 மே மாதம் ஹெர்மிஸைப் பொறுப்பேற்றவர். அந்த யூலையில் மேற்கு ஆபிரிக்காவின் டக்கார் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் றிஷலியூவை அவருடைய கப்பலின் விமானங்கள் தாக்கின. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் கடலுக்கு வந்தபோதோ அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் திருகோணமலையில் இறக்கியாயிற்று. இருபது நிமிடமளவில் கப்பல் முடிந்தது. கப்டன் உட்பட 307 பேர் போனார்கள். ஆங்கிலப் பகுதியில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தமிழில்தான் காட்டேரி.

தயவுசெய்து அந்தத் தமிழைத் திருத்துங்கள் என்றுதான் முதல் கடிதத்தில் கேட்டேன். பதில் சிங்களத்தில் வந்தது. பேக்கரி முதலாளியிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன்: "தங்கள் கடிதம் கிடைத்தது." இரண்டாவதற்கு அதுவும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987 இல். எழுதினது எழுதினபடி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. பேருந்தின் பெயர்ப்பலகை தொடங்கி மருந்துத் துண்டு வரை நாங்கள் ஊகித்து வாசித்தே பழகிவிட்டோம். வெளிநாட்டுக்காரர் வந்து முக்குளிக்கிற இடத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பலகையின் தமிழ்ப் பகுதியை வருகிற ஏப்ரல் 9 க்கு முன் திருத்தித் தரும்படி பணிவாகக் கேட்கிறேன். மொழிபெயர்ப்புக்குச் செலவில்லை. அந்தப் பிள்ளையே திருத்தி எழுதிய கொப்பிப் பக்கத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. நான் இந்த முறை இரண்டு தரம் சரிபார்த்தேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
கல்லடி