வெடிக்கும் முன்னால் ஒரு ஸ்கேன்: சேலம் மருத்துவ அதிகாரிகளுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மாவட்ட சுகாதார அலுவலர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர் ஆகியோருக்கு வணக்கம்.

ஒரே மடலை மூன்று பேருக்கு எழுதக் காரணம் உண்டு. மலை மேல் ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு துறை, அரசு மருத்துவமனை இன்னொரு துறை, கீழே பெரியாஸ்பத்திரி மூன்றாவது துறை. வயிற்று வலியோடு வருகிறவள் மட்டும் ஒருத்திதான். இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுதுவது குழாய்க் கர்ப்பம் பற்றி.

நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியே தங்கிவிடும், பெரும்பாலும் கருக்குழாயில். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். வெளியே படுவது கொஞ்சம்தான். உங்களுக்குத் தெரிந்ததுதான். எஸ்டேட்டில் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோள்பட்டையில் தெரியும். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் ஒருத்திக்குத் தோள் வலி என்றால் மூட்டை தூக்கியதில் சுளுக்கு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். நான் பார்த்த ஒரு பெண் லைன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். படுத்தால் தோளில் வலி கூடுகிறதாம். உதடு வெளுத்திருந்தது. நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சுங்களே நர்ஸம்மா" என்றாள். மாமியாரும் அதையேதான் சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் உண்டாவது அரிது என்பது உண்மை. ஆனால் உண்டானால் அது குழாயில் இருக்கிற வாய்ப்பு மிக அதிகம். முதல் பாதி மட்டும்தான் ஊரில் பரவியிருக்கிறது. இரண்டாவது பாதியை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும். அதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள், வயிற்றைத் திறந்து செய்ததால். வெடித்துவிட்டால் மருந்து ஊசிக்கெல்லாம் இடமில்லை, உடனே ஆபரேஷன்தான். அதில் மறுபேச்சு இல்லை. நான் கேட்பது வெடிப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றி.

அந்த நாட்களில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனும் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவும் சேர்ந்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். சந்தேகமானால் 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கரு சின்னதாக, துடிப்பு இல்லாமல், எச்சிஜி 5000 யூனிட்டுக்குள், பெண்ணும் திடமாக இருந்தால், கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியே போதுமானதாக இருக்கலாம். பொருந்தாவிட்டால் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன். ஆக, கத்தியா ஊசியா என்பதைப் பாதி நேரம் நோய் தீர்மானிப்பதில்லை, எந்த வாரத்தில் ஸ்கேன் கிடைத்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. மகப்பேறு உதவித்தொகைக்காக 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதியச் சொல்கிறோம். குழாய்க் கர்ப்பம் அதுவரை காத்திருக்காது. பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தன் வேலையைக் காட்டிவிடும்.

கர்ப்ப ஸ்கேனுக்குப் பதிவு பெற்ற கருவியும் தகுதியுள்ள மருத்துவரும் வேண்டும் என்கிறது, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம். பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன மாவட்டத்தில் அந்தச் சட்டம் வேண்டியதுதான். அதற்கு உட்பட்டே, வாரத்தில் இன்ன கிழமை ஏற்காட்டில் ஸ்கேன் டாக்டர் இருப்பார் என்று நிச்சயமாகச் சொல்லும்படி செய்யுங்கள். எச்சிஜி ரத்தத்தை மேலேயே எடுத்துக் கீழே அனுப்பி, ரிசல்ட்டைப் போனில் சொன்னால் போதும். ரத்தம் இறங்கட்டும், பெண் இறங்க வேண்டாம்.

ஊசி போட்டபின் கதை வேறு. நான்காம் நாளும் ஏழாம் நாளும் எச்சிஜி பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஆகும்வரை வாராவாரம். அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போதும் குழாய் வெடிக்கலாம். அப்படிப்பட்டவளை 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே திருப்பி அனுப்புவது எந்தக் கணக்கில் சரி? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டதை எல்லோரும் பார்த்தோம். பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்து தங்க அறை கொடுப்பது மலைப்பகுதிகளுக்குப் புதிதில்லை. அதே மாதிரி இவர்களுக்கும் மலைக்குக் கீழே சில படுக்கைகள் ஒதுக்குங்கள், கூட ஒருத்தர் தங்க இடத்தோடு.

இன்னொன்று, செவிலியராக இருந்தவளுக்குத்தான் உறைக்கும். மெத்தோட்ரெக்ஸேட் போட்டவள் ஃபோலிக் ஆசிட் சாப்பிடக்கூடாது, மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். வீடு வீடாகப் போய் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பது எங்கள் வேலை. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்ட செய்தி செவிலியருக்கு வராவிட்டால், அவள் நல்லெண்ணத்தோடு மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு வருவாள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதைத் தமிழில் எழுதி, செவிலியருக்கும் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. கரு கருப்பை வாயிலோ பழைய சிசேரியன் தழும்பிலோ ஒட்டிக்கொள்வதும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். அப்படியானால் தழும்புக் கர்ப்பங்களையும் எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நேராகச் சுரண்டப் போனால் ரத்தம் நிற்காது, கருப்பையையே எடுக்கும் நிலை வரலாம். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கருவுக்குள் செலுத்தி மருந்தை அங்கேயே விடலாம். அல்லது தொடையிலோ மணிக்கட்டிலோ ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கருப்பைத் தமனிவரை கொண்டுபோய், ஜெலட்டின் பஞ்சுத் துகளால் அடைக்கலாம். நாளடைவில் அது கரைந்துவிடும். அதற்குள் கருவை எடுத்தால் ரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கும். மாரடைப்புக்கு ஆஞ்சியோ செய்கிற கேத் லேப்பில் இருப்பதும் இதே வகை எக்ஸ்ரேதான். வேண்டியது கைதேர்ந்த கதிரியக்க மருத்துவரும், மகப்பேறு வார்டிலிருந்து ராத்திரியிலும் அவரைக் கூப்பிட ஒரு நம்பரும். இன்னும் குழந்தை வேண்டும் என்கிறவளிடம், தமனியை அடைப்பதால் அடுத்த கர்ப்பத்துக்கு என்ன வரலாம் என்பதையும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதற்குள் ஸ்கேன் நாட்களை முடிவு செய்து எஸ்டேட் மேஸ்திரிகளுக்கும் எழுத்தில் கொடுத்தால் நல்லது. ஸ்கேனுக்குப் போகிற நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஏற்காடு வட்டம்